கிராமத்தில் குழந்தை இறப்பு ஆய்வு: முதல்முறை களத்துக்குப் போகிறவர்களுக்கு

பொது சுகாதாரமோ சமூகப்பணியோ நர்சிங்கோ புள்ளியியலோ படித்துவிட்டு, கிராமப்புறக் குழந்தை இறப்பு பற்றிய ஓர் ஆய்வில் சேரப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு டேப்லெட் கொடுப்பார்கள், நீளமான கேள்வித்தாள் ஒன்று கொடுப்பார்கள், சில நாள் பயிற்சியும் இருக்கும். எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்பது பயிற்சியில் வந்துவிடும். அந்தக் கேள்வி ஏன் அங்கே இருக்கிறது, அதைத் தவறவிட்டால் கடைசியில் எந்த எண் கெட்டுப்போகும் என்பது பெரும்பாலும் வராது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் மொத்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஐந்து வயது நிரம்பும் முன்பே இறந்த குழந்தைகள் 1990-ல் உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 28 லட்சம் பேர். 2022-ல் அது 49 லட்சமாகக் குறைந்தது. அந்த 49 லட்சத்தில் ஏறக்குறைய 23 லட்சம் பேர் பிறந்த முதல் 28 நாளுக்குள் இறந்தவர்கள். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத்திணறல், நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா ஆகியவைதான் பெரிய காரணங்கள். செய்தித்தாளில் படிக்கும்போது யாரோ ஒவ்வொன்றாக எண்ணி எழுதியது போலத்தான் தோன்றும், ஆனால் இவை ஐ.நா. அமைப்புகள் கூட்டாகப் போடும் மதிப்பீடுகள். குழந்தைகள் அதிகம் இறக்கும் நாடுகளில்தான் பிறப்பு இறப்புப் பதிவு மிக மோசமாக இருக்கிறது. அதனால் வீட்டு சர்வேக்களையும், ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கப்படும் சில வட்டாரங்களையும் வைத்துத்தான் அந்த மதிப்பீடு வருகிறது. நீங்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதும் ஒரு வரி, பல கட்டம் தாண்டி அந்த எண்ணுக்குள் போய்ச் சேரலாம்.

வார்த்தைகளைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

பச்சிளங்குழந்தை இறப்பு என்றால் பிறந்த முதல் 28 நாளுக்குள் நிகழும் இறப்பு. சிசு இறப்பு என்றால் முதல் பிறந்தநாளுக்குள். ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு என்றால் ஐந்தாவது பிறந்தநாளுக்குள். மூன்றையுமே உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளுக்கு எத்தனை என்றுதான் சொல்வார்கள். 2030-க்குள் எல்லா நாடுகளும் பச்சிளங்குழந்தை இறப்பை 12-க்கும், ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பை 25-க்கும் கொண்டுவர வேண்டும் என்பது உலக இலக்கு.

சிக்கல் எல்லாம் ‘உயிரோடு பிறந்த’ என்ற இடத்தில்தான். மூச்சு, இதயத் துடிப்பு, தொப்புள்கொடித் துடிப்பு, கை கால் அசைவு இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அது உயிருள்ள பிறப்பு, அடுத்த நிமிடமே குழந்தை இறந்திருந்தாலும். வீட்டுப் பிரசவத்தில் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கிய குழந்தையைக் குடும்பத்தார் ‘செத்தே பிறந்தது’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள், அதில் பொய் எதுவும் இல்லை, அவர்களுக்கு அது அப்படித்தான். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டால் பிறப்புக் கணக்கிலிருந்தும் இறப்புக் கணக்கிலிருந்தும் அந்தக் குழந்தை சேர்ந்தே காணாமல் போகும். எனவே ‘இறந்து பிறந்ததா?’ என்று கேட்டு நிறுத்தாமல், அழுததா, மூச்சு விட்டதா, கை காலை அசைத்ததா என்று தனித்தனியாகக் கேளுங்கள். தாய் மயக்கத்தில் இருந்திருந்தால் பிரசவம் பார்த்தவரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். ஆய்வு முடிந்த பிறகு இதைத் திருத்த வழியே கிடையாது.

ஒரே ஓர் ஆய்வை முழுசாகப் படியுங்கள்

இருபது கட்டுரைகளின் சுருக்கத்தை மேய்வதைவிட, ஒரே ஆய்வை முதல் வரியிலிருந்து கடைசி அட்டவணை வரை படிப்பதுதான் புதியவருக்கு உதவும் என்பது என் கட்சி. கட்சிரோலியைப் பரிந்துரைப்பேன். மகாராஷ்டிரத்தின் கிழக்கு ஓரத்தில் சத்தீஸ்கர், தெலங்கானா எல்லையை ஒட்டிய மாவட்டம் அது, பெரும்பகுதி காடு, கோண்டு பழங்குடி மக்கள் நிறைய. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி அமெரிக்காவில் பொது சுகாதாரம் படித்துவிட்டு வந்து 1986-ல் அங்கே ‘சர்ச்’ (SEARCH) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

அவர்களுடைய பெயர்பெற்ற பச்சிளங்குழந்தை ஆய்வு 39 கிராமங்களில் நடந்தது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு 47 கிராமங்கள். 1993-லிருந்து முதலில் நிலைமையை அளந்தார்கள். அப்புறம் ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பிரசவத்தின்போது உடனிருப்பார்கள், குழந்தையை எடை போடுவார்கள், சூடு குறையாமல் போர்த்தச் சொல்லித்தருவார்கள், தாய்ப்பாலுக்கு உதவுவார்கள், முதல் மாதம் முழுக்க வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். குழந்தை பால் குடிப்பதை நிறுத்துவது, அழுகை பலவீனமாவது, உடம்பு சில்லிடுவது அல்லது சுடுவது, மார்பு உள்வாங்குவது போன்ற அறிகுறிகளை வைத்துக் கிருமித் தொற்றைக் கண்டுபிடிப்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் குடும்பம் போகாவிட்டால் வீட்டிலேயே ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசியும் வாய்வழி மருந்தும் தருவார்கள். மருத்துவர் அல்லாத ஒரு கிராமத்துப் பெண் கைக்குழந்தைக்கு ஊசி போடுவதா என்று அப்போது புருவம் உயர்த்தியவர்கள் பலர்.

முடிவு 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்த 39 கிராமங்களில் 62-ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றாம் ஆண்டில் 25.5-க்கு இறங்கியிருந்தது, ஒப்பீட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 60-லேயே நின்றது. கிருமித் தொற்று வந்த குழந்தைகளில் இறந்தவர்கள் 16.6 சதவீதத்திலிருந்து 2.8 சதவீதமாகக் குறைந்தார்கள். இந்தியாவில் 2011-லிருந்து ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் பச்சிளங்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகிறார்களே, அந்தத் திட்டத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

படிக்கும்போது ஒரு கேள்வியை விடாமல் கையில் வைத்திருங்கள்: ஒப்பீட்டுக் கிராமங்களில் பிறப்பையும் இறப்பையும் யார் எண்ணினார்கள்? ஊழியர்கள் தினமும் வீடு வீடாகப் போகும் ஊரில் சின்னச் சின்ன இறப்பும் கண்ணில் படும், போகாத ஊரில் படாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு கவனத்தோடு எண்ணியிருந்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம். எந்த ஆய்வைப் படித்தாலும் செய்முறைப் பகுதியில் இதைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் முடிவுப் பகுதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

ஏன் இத்தனை கிராமங்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்

புதியவர்கள் கேட்பது இது: ஒரு கிராமத்தையோ இரண்டையோ எடுத்து ஆழமாகப் பார்த்தால் போதாதா? பேனாவை எடுங்கள். ஆயிரம் பேர் வாழும் ஊர், ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 25 பிறப்பு என்றால் அந்த ஊரில் 25 குழந்தை பிறக்கும். பச்சிளங்குழந்தை இறப்பு 60 என்றால் ஆண்டுக்கு ஒன்றரைச் சாவு. 25-ஆகக் குறைந்துவிட்டால் அரைச் சாவுக்குக் கொஞ்சம் மேலே. அதாவது, மிக மோசமான ஊரிலும் ஓர் ஆண்டில் இறப்பே இல்லாமல் போகலாம், நன்றாகக் கவனிக்கப்பட்ட ஊரிலும் ஒரே ஆண்டில் மூன்று குழந்தைகள் இறந்துபோகலாம். ஓர் ஊரை வைத்து எதையும் சொல்ல முடியாது.

இப்போது 40 ஊர்களைச் சேருங்கள். 1,000 பிறப்பு. 60 சாவுக்கும் 25 சாவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே கண்ணுக்குத் தெரியும். அப்போதும் அந்த 25 என்ற எண், வெறும் தற்செயலால் 15-ஆகவோ 35-ஆகவோ வந்திருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. இன்னொரு சங்கதி, ஒரே ஊரில் பிறந்த குழந்தைகளுக்குக் குடிக்கும் தண்ணீர், ரோடு, பிரசவம் பார்க்கும் ஆள் எல்லாம் ஒன்று, எனவே 25 பிறப்பு என்றால் 25 தனித்தனிச் சான்று என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஒற்றுமையின் அளவு (பூஜ்யம் என்றால் ஒற்றுமையே இல்லை, ஒன்று என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) 0.02 என்று வைத்துக்கொண்டால், ஒரு குழந்தைக்கு அதே ஊரில் மற்ற 24 குழந்தைகள் என்பதால் 1 + 24 × 0.02 = 1.48, ஆக ஏறக்குறைய ஒன்றரை மடங்குக் குழந்தைகள் தேவைப்படும். உங்கள் ஆய்வின் திட்ட அறிக்கையில் இந்தக் கணக்கு எங்கேயாவது இருக்கும். தேடிப் படியுங்கள். எந்த எண்ணை வைத்துத் தொடங்கினார்கள் என்று தெரிந்தால், ஒரு குடும்பம் பதிவிலிருந்து விடுபட்டால் மேற்பார்வையாளர் ஏன் அவ்வளவு கத்துகிறார் என்பதும் புரியும்.

பிறப்புப் பட்டியல்தான் உயிர்நாடி

குழந்தை இறப்பு ஆய்வுக்கு வந்தவர்கள் எடுத்த எடுப்பில் ‘இந்த ஊரில் எந்தக் குழந்தையாவது இறந்ததா?’ என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்காதீர்கள். முதலில் கர்ப்பிணிகளின் பட்டியல், அதிலிருந்து பிறப்புப் பட்டியல், அதிலிருந்துதான் இறப்பு. யார் பிறந்தார்கள் என்று தெரியாமல் யார் இறந்தார்கள் என்று கேட்டால், ஊருக்கே தெரிந்த நாலு இறப்பு மட்டும் வரும். பிறந்து இரண்டு மணி நேரத்தில் போன, பெயர்கூட வைக்காத குழந்தை வராது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்டு, கர்ப்பம் என்று தெரிந்ததும் ஒரு வரி திறந்துவிடுங்கள். பிரசவம் எதிர்பார்க்கும் மாதத்தை எதிரே எழுதுங்கள். திறந்த ஒவ்வொரு வரியும் ஒருநாள் மூடப்பட வேண்டும்: உயிருள்ள பிறப்பு, இறந்த பிறப்பு, கருச்சிதைவு, ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், இதில் ஏதோ ஒன்று. எதிர்பார்த்த மாதம் தாண்டியும் திறந்தே கிடக்கும் வரிகளை வாரம் ஒருமுறை தனியாக எடுத்துப் பாருங்கள். விடுபட்ட இறப்புகளில் பெரும்பங்கு அந்தத் திறந்த வரிகளில்தான் ஒளிந்திருக்கும்.

அவை ஏன் திறந்து கிடக்கின்றன? தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது நம்மூரில் மட்டும் இல்லை, மகாராஷ்டிரத்திலும் உண்டு. பெண் ஏழாவது மாதத்தில் கிளம்பிப் போகிறாள், குழந்தை அங்கே பிறந்து அங்கேயே இறக்கிறது, அவள் மட்டும் திரும்பி வருகிறாள். புகுந்த ஊரில் ‘இங்கே பிறக்கவே இல்லையே’ என்கிறார்கள், பிறந்த ஊரில் ‘அவள் எங்கள் ஊர்க்காரி இல்லையே’ என்கிறார்கள். இரண்டு ஊருமே உங்கள் ஆய்வுப் பகுதிக்குள் இருந்தும் ஒரு குழந்தை இரண்டிலும் பதிவாகாமல் போகும், அல்லது இரண்டு இடத்திலும் பதிவாகி இரண்டாக எண்ணப்படும். யாரை இந்த ஊர்க்காரர் என்று எடுத்துக்கொள்வது, வழக்கமாக வசிப்பவரையா பிரசவத்தின்போது இருந்தவரையா என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வாரமே கேட்டு வாங்குங்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு கிளம்பிப்போகிறவர்கள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல்.

கண் பட்டுவிடும் என்று முதல் சில மாதம் கர்ப்பத்தைச் சொல்ல மாட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணின் பிரசவத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். பெண் குழந்தையின் சாவு ஆண் குழந்தையின் சாவைவிடச் சீக்கிரம் மறக்கப்படும். இதையெல்லாம் நேரடிக் கேள்வியால் வெளியே கொண்டுவர முடியாது. தாய்மை வயதுப் பெண்களிடம் பேசிப் பழகிய உள்ளூர்ப் பெண் ஒருவர் குழுவில் இல்லாவிட்டால் உங்கள் ஆய்வு பாதிதான்.

இரண்டு தனித்தனிப் பட்டியல் வைத்துக்கொள்வது இன்னொரு காவல். ஊரிலேயே இருக்கும் பதிவாளர் ஆண்டு முழுக்க எழுதுவது ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து இன்னொருவர் வந்து, முதல் பட்டியலைப் பார்க்காமல், வீடு வீடாக எடுப்பது இன்னொன்று. தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பு இறப்பை எண்ணும் இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டம் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு விடுபட்டதை மதிப்பிட ஒரு எளிய வழி உண்டு, சந்திரசேகரன் என்ற இந்தியப் புள்ளியியலாளரும் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளரும் 1949-ல் வெளியிட்டது. முதல் பட்டியலில் 40 இறப்பு, இரண்டாவதில் 36, இரண்டிலும் இருப்பவை 32 என்றால், 40 × 36 ÷ 32 = 45. நீங்கள் கண்ணால் பார்த்தவை மொத்தம் 44, எனவே ஒன்று இருவர் கையிலும் சிக்காமல் போயிருக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்துக்கொண்டே பட்டியலை ஒத்துப்பார்த்துவிட்டால் இந்தக் கணக்கு பாழ், ஏனென்றால் ஒருவருக்கொருவர் தெரியாமல் எண்ணுவதில்தான் அதன் பலமே இருக்கிறது. களத்தில் அடிக்கடி நடப்பது என்னவோ அந்த டீதான்.

டேட்டா வந்ததும் மூன்று சோதனை போடுங்கள். பச்சிளங்குழந்தை இறப்புகளில் ஏறக்குறைய முக்கால்வாசி முதல் வாரத்துக்குள் வர வேண்டும். உங்களுடையதில் பாதிகூட இல்லையென்றால், முதல் நாள் சாவுகள் இறந்த பிறப்புக் கணக்கில் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். 100 பெண் குழந்தைக்கு 105 ஆண் குழந்தை பிறப்பது இயல்பு, அதைவிட வெகுவாக விலகினால் எதையோ தவறவிடுகிறீர்கள் அல்லது ஊரில் வேறு ஏதோ நடக்கிறது. கடைசியாக, ஓர் ஊழியரின் பகுதியில் மட்டும் பூஜ்யம் பூஜ்யமாக வந்துகொண்டிருந்தால் ‘அருமையான ஊர்’ என்று நினைக்காமல் நீங்களே ஒருமுறை போய் வாருங்கள். மகாராஷ்டிரத்தில் 2001-ல் தொண்டு நிறுவனங்கள் சில சேர்ந்து எண்ணிப் பார்த்தபோது, அரசுப் பதிவில் இருந்ததைவிடக் குழந்தை இறப்புகள் மிக அதிகம் என்று தெரிந்தது. அது பெரிய விவாதமாகி, பிறகு அரசே அபய் பங் தலைமையில் மதிப்பீட்டுக் குழு அமைக்கும்வரை போனது.

இறப்பு நடந்த வீட்டில் பேசுவது

ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் இறந்த குழந்தைக்கு எந்தச் சான்றிதழும் இருக்காது. குடும்பத்தாரிடம் பேசி, என்னென்ன அறிகுறி எந்த வரிசையில் வந்தது என்று கேட்டு, அதிலிருந்து காரணத்தை ஊகிக்கும் முறைக்கு வெர்பல் அட்டாப்சி என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் இதற்குப் பொதுவான கேள்வித்தாள் ஒன்றை வைத்திருக்கிறது, பெரும்பாலான ஆய்வுகள் அதைத்தான் உள்ளூர் மொழிக்கு மாற்றிப் பயன்படுத்துகின்றன.

எப்போது போவது என்பது முதல் கேள்வி. காரியம் முடியும் முன்பே போனால் அது கொடுமை, ஓராண்டு கழித்துப் போனால் நினைவு மங்கியிருக்கும். துக்கக் காலம் முடிந்து, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் போவது வழக்கம். அந்தச் சமூகத்தின் சடங்கு எத்தனை நாள் என்று உள்ளூர் ஆளிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். யாரிடம் பேசுவது என்பது அடுத்தது. கடைசி நோயின்போது குழந்தையைக் கையில் வைத்திருந்தவர் யாரோ அவரிடம். பெரும்பாலும் அது தாய், சில வீடுகளில் பாட்டி. வீட்டு ஆண்கள் முன்னால் வந்து உட்கார்ந்து பதில் சொல்லத் தொடங்குவார்கள். அவர்களை மரியாதையாக ஓரம்கட்டுவது ஒரு கலை. குழுவில் இன்னொருவர் இருந்தால் அவர் வெளியே உட்கார்ந்து வீட்டு உறுப்பினர் பட்டியலை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கலாம்.

‘என்ன நடந்தது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கம்மா’ என்று தொடங்குங்கள். டேப்லெட் மடியிலேயே இருக்கட்டும். அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாதீர்கள், அழுதால் நிறுத்துங்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்து வந்தாலும் தப்பில்லை. கதை முடிந்த பிறகுதான் ஆம், இல்லை கேள்விகள். பிறந்ததும் அழுததா? முதல் நாள் நன்றாகச் சப்பிக் குடித்ததா? எந்த நாளிலிருந்து குடிக்கவில்லை? நெஞ்சு உள்ளே போய்ப் போய் வந்ததா? உடம்பு விறைத்ததா? நோயின் பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். ‘நிமோனியாவா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் வரும். அவர்கள் உள்ளூர்ப் பெயர் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே எழுதி, அது வந்தபோது குழந்தை எப்படி இருந்தது என்று கேளுங்கள். நம்மூரில் மாந்தம் என்று சொல்லிவிட்டால் செரிமானக் கோளாறாகவும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம்.

இன்னொரு தொகுப்புக் கேள்விகளைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நோய் என்று எப்போது தெரிந்தது, முதலில் யாரிடம் கொண்டுபோனார்கள், வண்டி எப்படிக் கிடைத்தது, எவ்வளவு நேரம் ஆனது, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள். நிமோனியா என்று ஒரு வார்த்தை எழுதுவதைவிட, ‘சாயங்காலம் மூச்சு வாங்கியது, ஆற்றில் தண்ணீர், விடிந்துதான் போக முடிந்தது’ என்ற வரி திட்டம் போடுகிறவருக்கு அதிகம் உதவும். கேட்கும் தொனியில் ‘ஏன் முன்னாடியே கொண்டுபோகவில்லை?’ என்ற குற்றச்சாட்டு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய் அதை ஏற்கெனவே நூறு பேர் வாயால் கேட்டிருப்பார்.

இந்தப் பேட்டியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் சொல்வார்கள், ஒத்துவராவிட்டால் மூன்றாமவர் முடிவு செய்வார். இப்போது கணினி நிரல்களும் இதைச் செய்கின்றன. எதுவானாலும் எல்லை உண்டு. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பிறந்த குழந்தைக்கு வரும் ரண ஜன்னி (டெட்டனஸ்) போன்றவற்றை நன்றாகப் பிடிக்கும். காய்ச்சலும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்த குழந்தைக்கு மலேரியாவா நிமோனியாவா என்று கேட்டால் தடுமாறும். அதனால்தான் சாம்ப்ஸ் என்ற திட்டத்தில், வங்கதேசம், மொசாம்பிக், சியரா லியோன் உள்ளிட்ட சில நாடுகளில், குடும்பத்தின் சம்மதத்தோடு இறந்த குழந்தையின் உடலிலிருந்து ஊசியால் சிறிதளவு திசு எடுத்துப் பரிசோதிக்கிறார்கள்.

கண் முன்னால் ஒரு குழந்தை மூச்சு வாங்கினால்

இது நடக்கும். சர்வேக்குப் போன வீட்டிலேயே குழந்தை சுருண்டு படுத்திருக்கும். ‘நான் டேட்டா எடுக்க மட்டும்தான் வந்தேன்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. எங்கே அனுப்புவது, யாருக்கு போன் செய்வது, வண்டிக் காசு யார் கொடுப்பது என்பது ஆய்வு தொடங்கும் முன்பே எழுதப்பட்டு, எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதலோடு உங்கள் பையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேள்வி கேளுங்கள், தயங்காதீர்கள்.

குறைந்தபட்சம் மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேண்டாம். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு. கட்சிரோலியில் எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளும் இதைச் செய்வதற்கென்று ஒரு கருவியே செய்தார்கள்: ஒரு நிமிட மணல் கடிகாரம், பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள், பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். பால் குடிக்காத, எழுப்பினாலும் எழாத, வலிப்பு வந்த, மார்பு உள்வாங்கும் குழந்தையைக் கண்டால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே அனுப்புங்கள்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி ஒரு வரி. கைநாட்டு வாங்கிவிட்டால் ஒப்புதல் ஆகிவிடாது. படிவத்தை மூடிவைத்துவிட்டு, நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ரேஷனோ வேறு உதவியோ கிடைக்கும் என்று நினைத்துத்தான் தலையாட்டினார் என்றால் அப்போதே தெரிந்துவிடும்.

சர்வே டேட்டாவை வைத்து வேலை செய்வதானால்

எல்லோரும் களத்துக்குப் போவதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு போன்றவற்றில் ஒவ்வொரு பெண்ணிடமும் அவர் பெற்ற எல்லாக் குழந்தைகளையும் தேதியோடு கேட்டு எழுதியிருப்பார்கள், இறந்த குழந்தை என்றால் இறந்த வயதோடு. 2019-21 சுற்றில் இந்தியாவின் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு 41.9 என்று வந்தது அதிலிருந்துதான். இதில் இரண்டு பழைய நோய்கள் உண்டு. இறந்த வயதை ‘ஒரு வயசு இருக்கும்’ என்று சொல்வதால் சரியாக 12 மாதத்தில் இறப்புகள் குவியும், சிசு இறப்புக் கொஞ்சம் குறைத்துக் காட்டப்படும். இன்னொன்று ஊழியர் செய்வது: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் கூடுதலாகப் பல பக்கம் கேள்வி இருக்கும், அதைத் தவிர்க்கப் பிறந்த ஆண்டை ஒன்று பின்னால் தள்ளிப் போட்டுவிடுவார்கள். பிறந்த ஆண்டு வாரியாக ஒரு படம் வரைந்து பாருங்கள், அந்த எல்லையில் ஒரு பள்ளமும் அதற்கு முந்தைய ஆண்டில் ஒரு மேடும் தெரிந்தால் விஷயம் அதுதான். இன்னொரு குறை, தாயே இறந்துபோயிருந்தால் அவருடைய குழந்தைகளைப் பற்றிச் சொல்ல சர்வேயில் ஆள் இல்லை.

அங்கே பலித்தது இங்கே பலிக்குமா

பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம், ஏன் என்று பார்ப்பதுதான் வேலை. திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்து 1990-ல் வெளியான ஆய்வில், வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்தபோது இறப்பு 54 சதவீதம் குறைவாக இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளை வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியானது, குறைவு வெறும் 4 சதவீதம், அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில். மருந்து மாறவில்லை. கொடுத்த விதம், இடம், காலம், குழந்தைகளிடம் இருந்த குறைபாட்டின் அளவு எல்லாமே வேறு. அவ்வளவு பெரிய ஆய்வில் மருந்து நிஜமாகவே எல்லாக் குழந்தைகளின் வாய்க்கும் போய்ச் சேர்ந்ததா என்று மற்ற ஆய்வாளர்கள் அப்போதே கேட்டார்கள்.

தொப்புளில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவுவது இன்னொன்று. நேபாளத்தில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில் அது பச்சிளங்குழந்தை இறப்பை 24 சதவீதம் குறைத்தது. ஜாம்பியாவிலும் தான்சானியாவின் பெம்பா தீவிலும் பலன் தெரியவில்லை. இந்த ஆப்பிரிக்க இடங்களில் இறப்பு முதலிலேயே குறைவாக இருந்தது, ஆஸ்பத்திரிப் பிரசவமும் அதிகம். நைஜர், தான்சானியா, மலாவி மூன்றிலும் நடந்து 2018-ல் வெளியான, அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து பற்றிய ஆய்வில், ஆண்டுக்கு இருமுறை எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்தபோது இறப்பு 13.5 சதவீதம் குறைந்தது. அதில் பெரும்பங்கு இறப்பு மிக அதிகமாக இருந்த நைஜரிலிருந்து வந்தது. மருந்துக்குக் கிருமிகள் பழகிவிடும் என்ற கவலை இருப்பதால், குழந்தை இறப்பு மிக அதிகமான இடங்களுக்கு மட்டும், பல நிபந்தனைகளோடுதான் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்கிறது. ஆக, ஒரு முடிவைப் படித்ததும் சதவீதத்தைக் குறித்துக்கொள்வதோடு நிற்காமல், அங்கே தொடக்கத்தில் இறப்பு எவ்வளவு, எதனால், பிரசவம் எங்கே நடந்தது என்ற மூன்றையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

முடிவுகள் ஆங்கில இதழில் வந்த பிறகும் அந்த ஊருக்கு எதுவும் தெரியாமல் போவது சகஜமாக நடக்கிறது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பட்ஜெட் போடும்போதே ஊர்க் கூட்டங்களுக்கு ஒரு தொகை எழுதிவையுங்கள், கடைசியில் கேட்டால் கிடைக்காது. கூட்டத்தில் ஊர் வாரியாக எண்ணைச் சொல்லாதீர்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு குழந்தை இறந்த ஊரில் ‘கிருமித் தொற்றால் ஒன்று’ என்று எழுதி ஒட்டினால் அது எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும். பத்துப் பதினைந்து ஊர்களைச் சேர்த்து, எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை இறந்தது, எத்தனை முதல் வாரத்தில், வண்டி கிடைக்காமல் எத்தனை என்று படமாக வரைந்து காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். வண்டியைப் பற்றிய கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டிய ஆள் அவர்.